தோற்றவனுக்கு ஜெயித்தவன் கொடுக்கும் கூலி

கராசூ பஜார், தேயிலை வரிசை,
செவ்வாய்க்கிழமை, கடை திறந்து முதல் வியாபாரம் ஆகும் முன்.

மதிப்புக்குரிய சம்பந்தி ஓரொஸ்பாய் அவர்களுக்கு, தேயிலைக் கடை தாஷ்போலோத் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தியம்மாவும், வீட்டுக்குள் இருக்கும் உயிர்களும் கொட்டிலில் இருக்கும் உயிர்களும் சௌக்கியமா? குளிர்காலத்தில் நொண்டிய உங்கள் செம்பழுப்புக் குதிரை காலை ஊன்றுகிறதா, அல்லது அதை நொண்டியென்று சொல்லாமலே யாருக்காவது விற்றுவிட்டீர்களா? இங்கே என் மனைவி பாத்மா, என் மகன், உங்கள் மகள் எல்லோரும் நலம். நம் இருவருக்கும் பேரனான பெக்தூர் சுவரைப் பிடிக்காமல் நிற்கிறான், விழுகிறான், விழுந்ததற்குப் பக்கத்தில் இருப்பவர்களை முறைக்கிறான். அந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், நீங்கள் பேச ஆரம்பித்தால் கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பேன். அதனால்தான் கடிதம். உங்கள் ஊர் ஊஸ்கெனுக்குப் போகும் டாக்ஸிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முறைப்படி விசாரிக்க வேண்டியதை விசாரித்தாகிவிட்டது, இனி விஷயம். என் தேயிலையை நனைத்தவன் கல்மமத். அதற்காக வழக்குப் போட்டவன் நான். வழக்கில் ஜெயித்தவனும் நான். அப்படி ஜெயித்த என்னைப் பார்த்து, தோற்ற கல்மமத்துக்கு இருபத்திரண்டாயிரம் சோம் பணம் எடுத்து வை என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. எழுத்துப்பிழை என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். பிழை எழுத்தில் இல்லை சம்பந்தி, ஒரு பூஜ்யத்தில் இருக்கிறது. அந்தப் பூஜ்யம் யாருடையது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், ஏனென்றால் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதுதானே கால்நடைச் சந்தைத் தரகரின் தொழில்.

போன பிப்ரவரியில் கொட்டிய பனி உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வரிசையில் எல்லாம் இரும்புக் கன்டெய்னர் கடைகள்தானே, கீழே கடை, மேலே கிடங்கு. நான் கையில் காசில்லாத நாளில் கடை வாங்கியவன், எனக்கு மேல் பெட்டி கிடையாது. பக்கத்துக் கடைக் கல்மமத் இரண்டு வருஷம் முன்பு மேலே ஒரு பெட்டி ஏற்றினான், அதனால் அவன் கூரை என் கூரைக்கு மேலே நிற்கிறது. அவரவர் கூரைப் பனியை அவரவர் வாரிக் கைவண்டியில் போட்டு வாய்க்காலில் கொட்ட வேண்டும், இது பஜாரில் கழுதைக்குக்கூடத் தெரியும். கல்மமத்துக்குக் கைவண்டி இழுக்க இடுப்பு வலி. மொத்தப் பனியையும் பின்பக்கமாக என் கூரைமேல் தள்ளிவிட்டு, மண்வெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, மத்தியானம் வழக்கம்போல என் கடைக்கு வந்து என் கெண்டியிலிருந்து என் தேநீரைக் குடித்தான். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் குடிக்கிறான். ரொட்டி அவன் கொண்டுவருவான், தேநீர் என்னுடையது, எது விலை அதிகம் என்று நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன்.

வெயில் வந்த முதல் நாள் கூரை மடிப்பு வழியாகப் பனி உருகி இறங்கியது. காலையில் பூட்டைத் திறந்தால் உள்ளேயிருந்து கல்யாண வீட்டு வாசனை. மூட்டை மூட்டையாகப் பச்சைத் தேயிலை ஊறி, உப்பி, வாசல்வரை மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கிண்ணத்தோடு வந்து நின்று சர்க்கரை எங்கே என்று கேட்டார்கள். அத்தனையும் நான் காசு கொடுத்து வாங்கிய சிரிப்பு. கல்மமத் விற்பது என்ன தெரியுமா? பிளாஸ்டிக் வாளி. தண்ணீர் பட்டால் இன்னும் பளபளக்கும் சரக்கு. நூறு வாளியை அடுக்கி வைத்திருப்பவன், ஒரே ஒரு வாளியைக் கொண்டுவந்து என் கூரை ஒழுகும் இடத்தில் வைக்கவில்லை. உன் கூரைப் பனி என் கூரைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"பனி மேலேயிருந்துதானே வரும், தாஷ்? கீழேயிருந்து வந்தா சொல்லு, நானும் வந்து பாக்கறேன்" என்றான். அப்புறம் மனசு இரங்கி நாலு வாளி தருவதாகச் சொன்னான். மூடியில்லாத வாளி.

அந்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள். நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த நல்ல தேயிலையில் போட்ட தேநீரைக் குடித்தீர்கள். உண்மையில் எவ்வளவு நட்டம் என்று தாழ்ந்த குரலில் கேட்டீர்கள், நாற்பதாயிரம் என்று நானும் தாழ்ந்த குரலில் சொன்னேன். நீங்கள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை, பாத்மாவும் மறக்கவில்லை.

"நாப்பது கேட்டா நாலு குடுப்பாங்க, சம்பந்தி. கோர்ட்டும் ஒரு சந்தைதான். ஒரு பூஜ்யத்தைச் சேத்துப் போடுங்க, வெட்டறவன் வெட்டட்டும், நம்ம நாப்பது நமக்கு வந்துரும்."

இருபத்தைந்து வருஷமாகக் குதிரைக்கும் மாட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கி விலை முடித்து வைப்பவர் சொல்கிறார், நான் என்ன, பல்கலைக்கழகத்தில் படித்தவனா? பஜாரில் படித்தவன். கைச்சுமையாகத் தேயிலை விற்று, கடை பிடித்து, வீடு கட்டி, உங்கள் மகளை மருமகளாகக் கொண்டுவந்தவன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை, சொன்ன விலைக்கு எதையும் விற்றதுமில்லை. நாலு லட்சம் என்று மனுப் போட்டேன். மனு வாங்கும் இடத்தில் இருந்த ஆள், கேட்கிற தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்று சொல்லிப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டார். பெரிய கடைக்குப் பெரிய வாடகை என்று எண்ணிக் கட்டினேன். வக்கீல் வைக்கவில்லை. பேரம் பேச எனக்கு எதற்கு வக்கீல்?

முதல் நாள் விசாரணையில் நீதிபதியம்மா என் மனுவைப் புரட்டிவிட்டு, "கேட்டிருக்கிற தொகையைக் குறைச்சுக்க விரும்பறீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரி, பேரம் ஆரம்பமாகிவிட்டது, நம் சம்பந்தி சொன்னது சரிதான் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் விலை சொல்லாமல் எந்த மடையன் முதலில் இறங்குவான்? முடியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். நெஞ்சில் கை வைத்து, இதற்குக் குறைத்தால் என் பிள்ளைகள் பட்டினி என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது, கேட்டது ஐந்து லட்சமாக இருந்திருக்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரன் என்பதால் நாலு என்று சொன்னேன். நீதிபதியம்மா ஏதோ எழுதிக்கொண்டார். விலை ஏறுகிறது என்று நான் நினைத்தேன். ஏறியது எது என்று இப்போது தெரிகிறது.

கல்மமத் பக்கம் சினாரா என்று ஒரு வக்கீல். சின்னப் பெண், நம் மகள் வயசு, கோட்டும் குதிகால் உயர்ந்த செருப்புமாகச் சேற்றில்கூடச் சறுக்காமல் நடக்கும். இரண்டாவது விசாரணைக்கு முன் நடைக்கூடத்தில் வைத்துக் கல்மமத் என்னைக் கூப்பிட்டான். முப்பத்தைந்தாயிரம் தருகிறேன், இனிமேல் உன் கூரைப் பனியையும் நானே வாருகிறேன், விட்டுவிடு என்றான். சம்பந்தி, முப்பத்தைந்து நல்ல விலை. நல்ல விலை வந்தால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம், காதில் விழாததுபோல் திரும்புவோம், முதுகைக் காட்டி நடப்போம். எதிராளி கூப்பிடுவான், ஐயாயிரம் ஏறும், கை குலுக்குவோம். அதைத்தான் செய்தேன். திரும்பினேன், மெதுவாக நடந்தேன். கூப்பிடவில்லை. இன்னும் மெதுவாக நடந்தேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நேரம் கொடுத்தேன். நடைக்கூடம் முடிந்து, படி முடிந்து, வாசலும் வந்துவிட்டது. காவலர், வெளியே போகிறீர்களா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். என் ஜென்மத்தில் முதுகைக் காட்டி நடந்து யாரும் கூப்பிடாமல் விட்டது அன்றுதான். என் கல்யாணத்துக்குப் பெண் பேசப் போனபோதுகூடக் கூப்பிட்டார்கள்.

ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தேன். இனி நேரடியாக முடித்துவிடுவோம் என்று ஒரு கையைக் கல்மமத் பக்கம் நீட்டினேன், இன்னொரு கையை நீதிபதியம்மா பக்கம் நீட்டினேன். நடுவில் இருப்பவர்தானே இரண்டு கையையும் சேர்த்துக் குலுக்க வேண்டும்? இருபத்தைந்து வருஷமாக நீங்கள் அதைத்தானே செய்கிறீர்கள்? காவலர் எழுந்துவிட்டார். நீதிபதியிடம் எதற்குக் கை நீட்டுகிறாய், கையில் என்ன என்று என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கையில் ரேகைதான் இருந்தது.

அப்புறம் அந்தச் சினாரா ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. மெலிந்த மனுஷன், மூக்கு மட்டும் பெரிது. என் தேயிலையைக் கிள்ளினார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார், ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார், நட்டம் நாற்பதாயிரம் என்று சொன்னார். நான் உங்கள் காதில் மட்டும் சொன்ன அதே தொகை. அதைச் சொல்ல அவருக்குப் பத்தாயிரம் கூலி. கேட்டிருந்தால் நானே சும்மா சொல்லியிருப்பேன்.

இனி வருவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். கடைசியில் நீதிபதியம்மா ஒரு தாளை எடுத்துக் காட்டி, எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணம் அறுபதாயிரம் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள், இது அதிகம் என்று உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்மமத் அறுபதாயிரம் செலவழித்திருக்கிறான்! என் தேயிலைக்கு நாலு வாளி தருவேன் என்ற கஞ்சன்! அந்தப் பெண் பட்ட பாட்டுக்கு அது குறைச்சல், இன்னும் பத்து சேர்த்துக் கொடுத்தாலும் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்று எழுந்து நின்று கணீரென்று சொன்னேன். சினாரா தலை குனிந்து நன்றி சொன்னது. என் ஆயுளில் நான் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்ட ஒரே விலை அதுதான், அதுவும் நான் கட்டப்போகும் விலை.

தீர்ப்பு நாளன்று நான் சற்றுத் தாமதமாகப் போனேன். வாசலில் சினாரா எதிரே வந்து, "வாழ்த்துகள் ஐயா, உங்களுக்கு நாப்பதாயிரம் தரச் சொல்லித் தீர்ப்பு" என்று சொன்னது. நல்ல சேதி கொண்டுவந்தவரை வெறுங்கையோடு அனுப்பி நம் வீட்டில் பழக்கமில்லை. பையில் இருந்த முதல் தரத் தேயிலைப் பொட்டலத்தையும் அதன் மேல் ஒரு பணத்தாளையும் வைத்துக் கையில் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றது, அடம்பிடித்துக் கொடுத்தேன். எதிரியின் வக்கீலுக்கு, சம்பந்தி. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பெண், "அடுத்த பக்கத்தையும் படிச்சிருங்க" என்றது, பாவம்போல.

அடுத்த பக்கம் இதுதான். நான் கேட்டது நாலு லட்சம், கிடைத்தது நாற்பதாயிரம், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆகவே வழக்கில் பத்தில் ஒரு பங்கு நான் ஜெயித்தேன், பத்தில் ஒன்பது பங்கு கல்மமத் ஜெயித்தான். ஆகவே நான் கட்டிய பத்தாயிரம் கட்டணத்தில் ஒரு பங்கை, ஆயிரத்தை, அவன் எனக்குத் தர வேண்டும். அவன் வக்கீலுக்கும் மூக்கு நிபுணருக்கும் செலவழித்த எழுபதாயிரத்தில் ஒன்பது பங்கை, அறுபத்து மூவாயிரத்தை, நான் அவனுக்குத் தர வேண்டும். அவன் தருவது நாற்பத்தொன்று, நான் தருவது அறுபத்து மூன்று. கழித்துப் பாருங்கள். நான் பஜார்க்காரன், கழித்தலில் எனக்குத் தப்பு வராது, எத்தனை முறை கழித்தாலும் இருபத்திரண்டாயிரம் என் பக்கம்தான் நிற்கிறது.

நான் விடவில்லை. நீதிபதியம்மாவின் அறைக்குப் போய், ஜெயித்தவன் தோற்றவனுக்குக் கூலி கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். பொறுமையான மனுஷி, உட்காரச் சொன்னார்.

"நீங்க நாலு லட்சம் கேட்டதாலதான் அவர் நாலு லட்சத்துக்குப் பயந்து வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. நாப்பது மட்டும் கேட்டிருந்தா, முழுசா ஜெயிச்சிருப்பீங்க, உங்க கட்டணத்தையும் அவர்தான் குடுத்திருப்பார், அவர் வக்கீல் செலவும் அவர் தலையிலேயே இருந்திருக்கும். குறைச்சுக்கிறீங்களான்னு மூணு தடவை கேட்டேனே?"

"விலை குறையணும்னா அவன் ஒரு விலை சொல்லணும் இல்லையா, அம்மா?" என்றேன்.

"இது சந்தை இல்லை, அக்சகால்" என்று பெரியவருக்குரிய மரியாதையோடு சொன்னார்.

இந்த ஒரு வரியை வழக்குப் போடும் முன் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் என்னிடம் சொல்லப்பட்டது என்ன? கோர்ட்டும் சந்தைதான் என்று சொல்லப்பட்டது. சொன்னவர் யார்? கிண்ணத்தைக் கவிழ்த்தவர் யார்? ஒரு பூஜ்யம், ஓரொஸ்பாய் அவர்களே. உள்ளே ஒன்றுமில்லாத வட்டம். அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் நான் இன்று நாற்பதாயிரத்தோடும் திரும்பி வந்த கட்டணத்தோடும் மீசையைத் தடவிக்கொண்டிருப்பேன். சேர்த்ததால், என் தேயிலையும் போய், என் கட்டணமும் போய், என் தேயிலையை நனைத்தவனுக்கு அதற்கான கூலியையும் கொடுக்கப்போகிறேன். கட்டாவிட்டால் அமலாக்க அதிகாரி வந்து கடையில் சரக்கை எழுதிக்கொண்டு போவாராம். எந்தச் சரக்கை? நனையாமல் தப்பியதை.

அன்றிலிருந்து எனக்குப் பேரம் என்ற பேச்சே பிடிக்கவில்லை. ஒரே விலை என்று பெரிதாக எழுதிக் கடை வாசலில் பலகை மாட்டிவிட்டேன். நம்ப மாட்டீர்கள், வியாபாரம் படுத்துவிட்டது. வருஷக்கணக்காக வாங்கும் கிழவி ஒருத்தி பலகையைப் படித்துவிட்டு, பேசாமல் வாங்க நான் என்ன ஊமையா என்று சொல்லி எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். அங்கே என் விலையைவிட அதிகம் கொடுத்து, அரை மணி நேரம் சண்டை போட்டு, முகம் மலர்ந்து போனாள். பாத்மா வேறு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கும்போது, "கேட்டதுல பத்துல ஒண்ணு கிடைச்சா நஷ்டம்னா, உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நான் யாருக்குச் செலவு குடுக்கணும்?" என்றாள். என் வீட்டில் இப்போது எல்லோரும் வக்கீல்.

ஆகவே என் தீர்மானத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்மமத்துக்கு நான் கட்ட வேண்டிய இருபத்திரண்டாயிரத்தையும் முழுதாக நீங்கள்தான் தர வேண்டும். ஒரு சோம் குறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பெக்தூருக்குக் கால்கட்டு அறுக்கும் விருந்து, காலில் கட்டிய கயிற்றை அறுத்துவிட்டால் பிள்ளை தடுமாறாமல் நடப்பான் என்று நம் பெரியவர்கள் நடத்துவது. கறுப்பு நூலும் வெள்ளை நூலும் முறுக்கி நீங்களே கட்டுக்கயிறு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தீர்கள். பணம் இல்லாமல் நூல் மட்டும் வருவதாக இருந்தால் நூலும் வேண்டாம், நீங்களும் வர வேண்டாம். கயிறு முறுக்க எனக்கும் கை இருக்கிறது. சம்பந்தியம்மாவும் குழந்தைகளும் தாராளமாக வரலாம். கல்மமத்தை நான் அழைக்கவில்லை, அழைக்கப்போவதும் இல்லை. எங்கள் கடைகளுக்கு நடுவில் இருக்கும் இரும்புச் சுவர் போதாதென்று அதன்மேல் தகரம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். என் கெண்டியில் இனி ஒரு கிண்ணத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. மத்தியானம் தனியாகக் குடிக்கிறேன். ருசியாகத்தான் இருக்கிறது.

உங்கள் கொட்டில் நிறையட்டும், குதிரைகள் கால் தவறாமல் நடக்கட்டும், வாசலில் விருந்தாளி குறையாமல் இருக்கட்டும், உங்கள் நாக்கில் இனியாவது எண்கள் கூட்டாமல் கழிக்காமல் உள்ளபடியே வரட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் மகளை நாங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை, அவளுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்று பாத்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

மனம் புண்பட்ட உங்கள் சம்பந்தி,
தாஷ்போலோத்.

பின்குறிப்பு: டாக்ஸிக்கு நாலாவது ஆள் சேரவில்லை, ஆள் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும் என்று டாக்ஸிக்காரர் கடைக்கு எதிரே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நிற்கிறார். அதனால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இடையில் ஒன்று நடந்துவிட்டது.

மத்தியானம் கல்மமத் வந்தான். கையில் ரொட்டி. முன்பின் தெரியாத வாடிக்கையாளர்போல வாசலில் நின்று பலகையைப் பார்த்தான்.

"இது என்ன?"

"ஒரே விலை."

"உனக்கு உடம்பு சரியில்லையா, தாஷ்?"

கால் கிலோ தேயிலை என்ன விலை என்று கேட்டான், சொன்னேன். பாதிக்குக் கேட்டான். பலகையைக் காட்டினேன். பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு மறுபடி பாதிக்குக் கேட்டான். என்னையறியாமல் என் வாய் ஒரு விலை சொல்லிவிட்டது, சம்பந்தி. பழக்கம். தேயிலை முடிந்ததும், அந்த இருபத்திரண்டு என்று அவனே ஆரம்பித்தான். கோர்ட் சொன்ன விலைக்கு நீயும் வாங்க மாட்டாய், நானும் விற்க மாட்டேன், பேசுவோமா என்றான். ஐயாயிரம் என்றேன். அவன் சிரித்தான், காதில் விழாததுபோல் திரும்பினான், முதுகைக் காட்டி நடந்தான். மெதுவாக. வாளிக் குவியல் பக்கம் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தான்.

நான் கூப்பிட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு என்னை வாசல்வரை நடக்கவிட்டவன். அவனும் நடக்கட்டும், பஜார் முடியும்வரை நடக்கட்டும், ஆற்றங்கரைவரை நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தேன், இடுப்பு வலி உண்மைதான் போலிருக்கிறது, நிமிரக் கஷ்டப்பட்டான். "கல்மமத், எட்டு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

வந்து உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் வைத்தான்.

"அன்னைக்கு நான் கூப்பிடத்தான் வாயெடுத்தேன், தாஷ். அந்தப் பொண்ணு என் காலை மிதிச்சிருச்சு. அந்தச் செருப்பைப் பாத்திருக்கியா நீ?"

பார்த்திருக்கிறேன். கெண்டியில் இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

இப்போது அவன் பன்னிரண்டில் நிற்கிறான், நான் பத்தில் நிற்கிறேன். இனிமேல் இரண்டு பேரும் அசைய மாட்டோம், அசைந்தால் மரியாதை போய்விடும். நடுவில் நின்று இரண்டு கையையும் பிடித்துத் தோள் கழலும்படி குலுக்க ஒரு ஆள் வேண்டும், இந்த வரிசையில் அப்படிப்பட்ட ஆள் கிடையாது. நீங்கள் வியாழக்கிழமையே கிளம்பி வந்துவிடுங்கள். கட்டுக்கயிறை மறக்காதீர்கள், நான் முறுக்கிப் பார்த்தேன், அவிழ்ந்துவிட்டது. கல்மமத்தும் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறான், பிள்ளைகள் கால் கழுவ நாலு வாளி கொண்டுவருகிறான். கயிற்றை அறுக்கப் பிள்ளைகள் ஓடிவரும் ஓட்டத்தில் அவன் மகன்தான் முதலில் வருவான் என்று இப்போதே பெருமை பேசுகிறான், வந்து பார்ப்போம்.

இருபத்திரண்டாயிரம் கேட்டிருந்தேனே, அதை அடித்துவிடுங்கள். உங்களைப் பற்றி மேலே எழுதியதையும் அடித்துவிடலாம் என்று பாத்மா சொல்கிறாள். யோசித்துப் பார்த்தேன். பத்தில் ஒன்பது பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு பங்கு நிற்கட்டும். நாலாவது ஆள் வந்துவிட்டார், டாக்ஸி கிளம்புகிறது.